கொஞ்சம் தள்ளி உட்காருங்க: வீட்டு மிக்ஸில் உறுமிக்கு இடம் கிடைப்பது எப்படி?

கோவில்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு வீட்டு மாடி அறை என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து. ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன். ஊர்க் கோயில் கொடைக்கு ஒரு பாட்டு தயாராகிறது. உறுமி, தவில், நாதஸ்வரம், கீபோர்டு, குரல் என எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து, ராத்திரி முழுக்கக் கண் விழித்து மிக்ஸ் செய்கிறார் ஒரு தம்பி. காலையில் உறுமிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பாட்டை அனுப்புகிறார். அவர் தன் போனிலேயே கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறார்: "எல்லாம் நல்லாத்தான்யா இருக்கு. நான் அடிச்சத எங்க காணோம்?"

பதறிப்போன தம்பி உறுமியின் ஒலியளவைக் கூட்டுகிறார். இப்போது குரல் அமுங்கிவிடுகிறது. குரலைக் கூட்டினால் தவில் காணாமல் போகிறது. தவிலையும் கூட்டினால் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். கடைசியில் எல்லா ஃபேடரும் உச்சத்தில் நிற்கின்றன. பாட்டு மட்டும் முன்பு இருந்ததைவிட மோசம்.

வீட்டில் ரெக்கார்டிங் செய்யும் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறோம். இங்கே தேவைப்படுவது ஒலியளவைக் கூட்டுவது அல்ல, இடம் ஒதுக்குவது. அந்த வேலையைச் செய்வதுதான் ஈக்வலைசர். சுருக்கமாக, ஈக்யூ.

ஈக்யூ என்றால் என்ன?

மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நாலாவதாக ஒருவர் வருகிறார். அவருக்காக யாரும் எழுந்து போக வேண்டாம். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே" என்றால் ஆளுக்கு ரெண்டு அங்குலம் நகர்வார்கள். நாலு பேருக்கும் இடம் கிடைத்துவிடும். ஈக்யூ செய்வதும் இதைத்தான். ஒரு கருவியை முழுதாகக் குறைக்காமல், இன்னொரு கருவிக்கு இடைஞ்சலாக இருக்கும் பகுதியில் மட்டும் கொஞ்சம் நகரச் சொல்கிறது.

அந்த சீட்டின் நீளம் எவ்வளவு? மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. இடது ஓரத்தில் தவிலின் அடித்தட்டு போன்ற கனமான சத்தங்கள். வலது ஓரத்தில் ஜால்ராவின் கிணுகிணுப்பு. நடுவில்தான் கூட்டம். குரல், நாதஸ்வரம், கீபோர்டு, கிடார் எல்லாமே அங்கேதான் உட்கார வருகின்றன.

ஈக்வலைசர் என்ற பெயர் பழைய தொலைபேசிக் காலத்தில் வந்தது. நீண்ட கம்பியில் போகும்போது குரலின் மேல் அதிர்வெண்கள் தேய்ந்துபோகும். அதைச் சரிக்கட்டி, இந்தப் பக்கம் பேசியதற்கு ஈடாக அந்தப் பக்கம் கேட்கச் செய்த கருவி என்பதால் 'ஈக்வல்' ஆக்கும் கருவி. இன்று உங்கள் மொபைல் ஆப்பில் இருப்பது பெரும்பாலும் பாராமெட்ரிக் ஈக்யூ. அந்த முறையை விளக்கும் ஆய்வுரையை அமெரிக்காவின் ஜார்ஜ் மாசன்பர்க் 1972-ல் ஒலிப்பொறியியல் சங்கத்தில் வழங்கினார். இதில் மூன்று திருகுகள் உண்டு. எந்த அதிர்வெண், எவ்வளவு டெசிபல், எவ்வளவு அகலம். அகலத்தைக் குறிக்கும் திருகுக்கு 'க்யூ' என்று பெயர். க்யூ கூடினால் வெட்டு ஒடுங்கும், குறைந்தால் அகலும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் காது செய்கிற வேலை.

ஒரு சத்தம் இன்னொன்றை மறைப்பது ஏன்?

இரண்டு சத்தங்கள் ஒரே அதிர்வெண் பகுதியில் ஒரே நேரத்தில் வந்தால், பலமானது மற்றதை மூடிவிடும். ஒலியியலில் இதை 'மாஸ்கிங்' என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. மிக்ஸி ஓடும்போது பக்கத்து அறையில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்காது. இன்னொன்றும் உண்டு. கீழ் அதிர்வெண் சத்தம் தனக்கு மேலே உள்ளதை எளிதாக மூடும். மேலே உள்ளது கீழே உள்ளதை அவ்வளவு எளிதில் மூடாது. அதனால்தான் கீபோர்டில் இடது கையால் அமுக்கிப் பிடித்த ஒரு 'பேட்' சத்தம் மொத்தப் பாட்டையும் போர்வை போட்டு மூடியது மாதிரி ஆக்கிவிடுகிறது.

நம் காதும் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை அது மிகக் கூர்மை. சொற்களின் மெய்யெழுத்துத் தெளிவும் நாதஸ்வரத்தின் வீச்சும் அந்தப் பகுதியில்தான் மோதிக்கொள்கின்றன. மெல்லக் கேட்கும்போது கனமான ஒலிகள் காதுக்கு இன்னும் குறைவாகவே எட்டும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். நடுராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கும்போது சத்தம் குறைத்து மிக்ஸ் செய்தால் பேஸை அளவுக்கு மீறிக் கூட்டிவிடுவோம். பகலில் சத்தமாகப் போட்டுக் கேட்டால் குண்டு போட்ட மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம்.

காருகுறிச்சியாரிடம் ஒரு பாடம்

இது இசைக்குப் புதிய மண் அல்ல. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தது பக்கத்தில் உள்ள எட்டயபுரத்தில்தான். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தது கோவில்பட்டியில். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவருடைய நாதஸ்வரம் போட்டிபோடும் பாட்டைக் கேட்காத தமிழ்க் காது குறைவு. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

ஒரு மைக் முன்னால் நாதஸ்வரத்தையும் பாடகரையும் ஒன்றாக நிறுத்தினால் யார் கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கோயில் பிராகாரத்தையும் தேரோடும் வீதியையும் நிறைப்பதற்காகச் செய்த கருவி அது. ஆகவே குரலையும் நாதஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து பின்னர் சேர்த்தார்கள் என்று திரையிசை உலகில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால், அந்தப் பாட்டில் இரண்டும் தெளிவாகக் கேட்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிக் கவனித்துக் கேளுங்கள். குரல் ஒரு சங்கதி சொல்லி நிற்கும், நாதஸ்வரம் பதில் சொல்லும். மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பெரும்பாலும் காத்திருக்கிறார்.

அதாவது முதல் ஈக்யூ இசையமைப்பிலேயே நடந்துவிட்டது. நாம் வீட்டில் செய்யும் தவறு இங்கே இருந்துதான் தொடங்குகிறது. பல்லவியிலிருந்து முடிவு வரை எல்லாக் கருவியும் ஓயாமல் ஒலிக்கும்படி அடுக்கிவிட்டு, பிறகு பிளகினைத் திருகினால் பயனில்லை. குரல் வரும்போது கீபோர்டின் இடது கையை எடுத்துவிடுங்கள். நாதஸ்வரம் எழும்போது கிடாரை நிறுத்துங்கள். பாதிச் சிக்கல் காசு செலவில்லாமல் தீரும்.

முதலில் அறையைக் கவனியுங்கள்

பத்தடி நீளம், பத்தடி அகலம் உள்ள கான்கிரீட் அறைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, நம் ஊர் வெக்கையில் சுமார் 57 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸும் அளவுக்கு மீறி வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வீங்கி, இரட்டிப்புத் தொல்லை. தவிலும் உறுமியும் 'பொம்' என்று வழிவது பல சமயம் கருவியின் குறை அல்ல, அறையின் குறை.

கரிசல்காடு பருத்திக்குப் பேர்போனது. அதே பஞ்சுதான் இங்கே உதவிக்கு வரும். பாடுபவருக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். ஜமுக்காளம், போர்வை, துணி நிறைந்த பீரோ எல்லாம் மேல் அதிர்வெண் எதிரொலியை உறிஞ்சும். ஆனால் 57 ஹெர்ட்ஸ் போன்ற கனமான ஒலியை மெத்தை தடுக்காது. அதற்கு வேறு வழி: கருவியையும் மைக்கையும் அறையின் சரிநடுவிலும் மூலையிலும் வைக்காமல் இடம் மாற்றிப் பார்ப்பது. ஒரு அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். வேர்த்துக் கொட்டும், வேறு வழியில்லை. விடிகாலையில் பதிவு செய்தால் வெக்கையும் குறைவு, தெருச் சத்தமும் குறைவு. கம்பி வழியாக 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் அது இருக்கும். ஈக்யூவில் ஒடுக்கமாக வெட்டலாம்தான். ஆனால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே போய்விடும்.

இடம் ஒதுக்குவது எப்படி?

ரீப்பர், எஃப்.எல். ஸ்டுடியோ, கராஜ்பேண்ட், போனிலேயே ஓடும் பேண்ட்லேப் என எதில் வேலை செய்தாலும் முறை ஒன்றுதான்.

முதல் படி, எந்த ஈக்யூவும் போடாமல் ஃபேடரை மட்டும் வைத்து ஒரு மிக்ஸ் செய்யுங்கள். குரலை முதலில் வையுங்கள், மற்றதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்தக் கருவி உள்ளே வந்ததும் எது மறைகிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் வேலைப் பட்டியல். அதில் இல்லாத எதற்கும் ஈக்யூ வேண்டாம்.

இரண்டாவது, தேவையற்ற அடித்தட்டை நீக்குங்கள். குரல், ஜால்ரா, கிடார், நாதஸ்வரம் ஆகியவற்றுக்கு ஹை-பாஸ் ஃபில்டர் போடலாம். ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கி, குரல் மெலியத் தொடங்கும் இடம் வரை மேலே நகர்த்துங்கள். மெலிந்ததும் கொஞ்சம் பின்வாங்குங்கள். மேஜை அதிர்வு, மூச்சுக்காற்று, தெருவில் போகும் லாரி எல்லாம் அதோடு வெளியேறும். அந்த இடம் தவிலுக்குக் காலியாகும்.

மூன்றாவது, கூட்டாதீர்கள், குறையுங்கள். குரல் தெளிவாக வேண்டும் என்றால் குரலில் 3,000 ஹெர்ட்ஸைக் கூட்டுவதற்கு முன்னால், கீபோர்டில் அதே 3,000 ஹெர்ட்ஸை 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். 3 டெசிபல் குறைந்தால் அந்தப் பகுதியில் ஒலியின் சக்தி பாதியாகிறது. கீபோர்டு குறைந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கும்.

நான்காவது, பெரும்பாலும் குழம்புவது 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. எல்லாக் கருவிகளின் உடம்பும் அங்கேதான் இருக்கிறது. அங்கே யாருக்கு முதல் இடம் என்று ஒரு முடிவு எடுங்கள். உறுமிக்கு என்றால், கீபோர்டும் கிடாரும் அங்கே நாலைந்து டெசிபல் இறங்கட்டும். எல்லாவற்றிலும் அந்தப் பகுதியை வெட்டினால் பாட்டு தகர டப்பா மாதிரி ஆகிவிடும்.

இடைஞ்சலான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒடுக்கமான க்யூ வைத்து ஒரு பகுதியைக் கூட்டி, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். காது குத்தும் இடத்தில் நிறுத்திக் குறையுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. பத்து டெசிபல் கூட்டினால் எந்த இடமும் அசிங்கமாகத்தான் கேட்கும். எனவே ஈக்யூவை அணைத்தும் போட்டும் பார்த்து, உண்மையிலேயே நன்றாகியிருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சத்தம் கூடினாலே 'ஆகா, நல்லா இருக்கே' என்று காது ஏமாந்துவிடும்.

ஐந்தாவது, தனியாக 'சோலோ' போட்டு ஈக்யூ செய்வதைக் குறையுங்கள். தனியே கேட்க அழகாக இருக்கும் கீபோர்டு, கூட்டத்தில் எல்லோரையும் நெருக்கும். கூட்டத்தில் சரியாகக் கேட்கும் கீபோர்டு, தனியே கேட்டால் மெலிந்திருக்கும். கேட்கப் போகிறவர்கள் யாரும் சோலோ பட்டனை அமுக்கப் போவதில்லை.

உறுமியின் இரைச்சல், இரைச்சல் அல்ல

இப்போது உறுமிக்காரரின் கேள்விக்கு வருவோம். அவர் அடித்தது எங்கே போனது?

உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பிடித்துப் பிடித்து விடுபடும்போது வருவதுதான் அந்த உறுமல். வயலின் தந்தியில் வில் செய்கிற அதே வேலை. அந்த உறுமலுக்கு ஓர் அடிக்குரல் உண்டு, மேலே ஒரு கரகரப்பும் உண்டு.

தம்பி கேட்டது ஹெட்போனில். அதில் அடிக்குரல் நன்றாகக் கேட்டது. கரகரப்பு 'நாய்ஸ்' மாதிரி தோன்றியதால், இணையத்தில் கிடைத்த 'டிரம்ஸ்' பிரீசெட்டைப் போட்டு நடுப்பகுதியை வெட்டி, அடியில் 80 ஹெர்ட்ஸைத் தூக்கிவிட்டார். உறுமிக்காரர் கேட்டதோ போன் ஸ்பீக்கரில். விரல் நகம் அளவே உள்ள அந்த ஸ்பீக்கரால் 80 ஹெர்ட்ஸை வெளியே தள்ள முடியாது. 200 ஹெர்ட்ஸே அதற்குக் கஷ்டம். ஆக, போனில் உறுமியைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளம் அந்தக் கரகரப்புதான். அதைத்தான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்.

மேல் அடுக்குகள் சரியாகக் கேட்டால், ஸ்பீக்கரில் வராத அடிக்குரலை மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும். இது ஒலியியலில் நன்கு தெரிந்த விஷயம். எனவே தீர்வு 80 ஹெர்ட்ஸைத் தூக்குவதில் இல்லை. குச்சி தேயும் சத்தம் கேட்கும் இடத்தை, 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை தேடிக் கண்டுபிடித்து, அதைத் தொடாமல் விடுவதிலும், அங்கே கீபோர்டைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதிலும்தான் இருக்கிறது.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். இணையத்தில் கிடைக்கும் பிரீசெட்டுகளில் பெரும்பாலானவை கிக் டிரம், ஸ்னேர், பேஸ் கிடார், எலெக்ட்ரிக் கிடார் ஆகியவற்றை மனதில் வைத்துச் செய்தவை. அவற்றில் தப்பில்லை. ஆனால் உறுமியும் பம்பையும் வில்லுப்பாட்டின் குடமும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியாது. குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் 'தும்' பிரீசெட்டுக்கு வெறும் வீக்கம். வில்லின் மணி குலுங்குவது அதற்கு வெறும் கூச்சல். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டால், நம் கருவிகளிடம் இருக்கும் தனி அடையாளமே முதலில் போகும். பாட்டு சுத்தமாக இருக்கும். எந்த ஊர்ப் பாட்டு என்றுதான் தெரியாது.

மேலே சொன்ன எண்களையும் அப்படியே மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை தேடலைத் தொடங்கும் இடங்கள் மட்டுமே. ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு மாதிரி. வாசிப்பவரையே பக்கத்தில் உட்காரவைத்து, "இதுல எது உங்க சத்தம்ண்ணே?" என்று கேட்பதைவிட நல்ல பிரீசெட் கிடையாது.

ஈக்யூவால் ஆகாதது என்ன?

எல்லோரும் ஒன்றாக வாசித்ததை ஒரே போனில் பதிவு செய்திருந்தால், ஈக்யூவால் அதைப் பிரிக்க முடியாது. 3,000 ஹெர்ட்ஸை வெட்டினால் நாதஸ்வரத்தோடு குரலும் சேர்ந்தே வெட்டுப்படும். கொழுக்கட்டையைப் பிசைந்த பிறகு பூரணத்தைத் தனியே எடுக்கிற கதைதான். ஏஐ வைத்துப் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய உண்டு. அவற்றில் பிரபலமான ஸ்ப்ளீட்டரை 2019-ல் டீசர் நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. ஆனால் அது பிரித்துத் தரும் பெட்டிகள் குரல், டிரம்ஸ், பேஸ், பியானோ, 'மற்றவை'. நாதஸ்வரத்துக்கென்று அதில் பெட்டி இல்லை.

ஆகவே முடிந்தவரை தனித்தனி டிராக்காகப் பதிவு செய்யுங்கள். ஒன்றாக வாசித்தால்தான் கலைஞர்களுக்குக் கை ஓடும் என்றால், அதுவும் நியாயம்தான். அப்போது மைக்கை நகர்த்துங்கள். சத்தமான நாதஸ்வரம் தள்ளி நிற்கட்டும், குரல் மைக்குக்கு அருகில் வரட்டும். கருவிகளை இடது வலதாகப் பிரித்து வைப்பதும் உதவும். ஆனால் போன் ஸ்பீக்கரில் இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. மிக்ஸ் முடிந்ததும் மோனோவில் ஒருமுறை, விலை குறைந்த போனில் ஒருமுறை, ஆட்டோ ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமா?

மெனக்கெடணும். வில்லுப்பாட்டுக் குழுவுக்கும் மேளக் குழுவுக்கும் இன்று வெளியூர்க்காரர் கொடுக்கும் முதல் காது போன் வழியாகத்தான் கிடைக்கிறது. கொடைக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேசும்போது ஒருவர் ஒரு வீடியோவை அனுப்புகிறார். அதில் உறுமி கேட்கவில்லை என்றால், கேட்பவர் மிக்ஸைக் குறை சொல்ல மாட்டார். "ஆள் சுமாராத்தான் அடிக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். முப்பது வருஷம் அடித்துப் பழகிய கை, மூன்று டெசிபல் தப்பால் தோற்றுப்போகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஈக்யூ செய்யாத மூலப் பதிவை அழிக்காதீர்கள். ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று முதலில் டெலீட் ஆவது அதுதான். நீங்கள் செய்த மிக்ஸ் இன்றைய ரசனையின் முடிவு. அடுத்த வருஷம் உங்களுக்கே அது பிடிக்காமல் போகலாம். அந்தக் கலைஞர் அன்று வாசித்தது வாசித்ததுதான். அதை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக, ஊர், தேதி, வாசித்தவர் பெயர் எழுதி, ஒரு பென்டிரைவில் வைத்துவிடுங்கள். இன்னொரு பிரதியை வாசித்தவர் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.

பிறகு திருத்திய மிக்ஸை உறுமிக்காரருக்கு அனுப்புங்கள். அவர் மறுபடி போனில்தான் கேட்பார். கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டினார் என்றால், மிக்ஸ் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.